ஐயா வீட்டு மடக்கு கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகளில் பூட்டிக்கிடந்த அறையை முன்னோருக்கான படைப்புக்காகத் திறந்தாலோ, பங்காளிகள் கூடிச் சாமான் பிரித்தாலோ, அலமாரி அடியிலிருந்து ஒரு தோல் உறையும் அதற்குள் ஒரு மடக்கு கேமராவும் வந்துவிடுகின்றன. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிற்கப் போன ஐயாக்கள் வாங்கி வந்தவை பல. அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை மறுபடி படம் எடுக்கும். அறுபது எழுபது வருஷம் சும்மா கிடந்ததைத் தாங்கியவை, வெளியே எடுத்த முதல் வாரத்தில் விடுகிற எண்ணெயையும் போடுகிற முரட்டுப் பிடியையும்தான் தாங்காமல் போகின்றன.

கேமரா கைக்கு வந்தாச்சு. முதலில் என்ன செய்ய?

பின்கதவைத் திறக்காதீர்கள். பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் எண்ணோ அம்புக்குறியோ வெறும் காகிதமோ தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் மேலே உள்ள திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அது லேசாக இழுத்துப் பிடித்தால் ரோல் இருக்கலாம். லொடலொடவென்று சுற்றினால் காலி.

ரோல் இருக்கிறது. ஐயா எடுத்த படம் இன்னும் அதில் இருக்குமா?

இருக்கலாம். கருப்பு வெள்ளை பிலிமில் விழுந்த படம் கழுவாமலே பல பத்தாண்டுகள் தங்கியதுண்டு. ஆனால் நம் ஊர் வெயிலில் பிலிம் புகை படிந்த மாதிரி மங்கிப்போயிருக்கும். மங்கலாக நாலு முகம் கிடைத்தாலும் அது பெரிய வரவுதான்.

சிவப்பு ஜன்னலைக் கருப்பு டேப்பால் மூடிவிட்டு, இழுவை முற்றிலும் விடும்வரை திருகைச் சுற்றுங்கள். பிறகு இருட்டறையில் திறந்து எடுத்து, ரோல் தளராமல் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். கழுவக் கொடுக்கும்போது "பழைய ரோல், கருப்பு வெள்ளையாகக் கழுவுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். கலர் பிலிமாக இருந்தாலும் இத்தனை காலத்துக்குப் பிறகு கருப்பு வெள்ளையாகக் கழுவினால்தான் ஏதாவது தேறும். பழைய பிலிமில் அனுபவம் உள்ள இடமாகப் பார்த்து அனுப்புவது முக்கியம். இது ஒரே வாய்ப்பு.

இது என்ன கேமரா, எந்த ரோல் போடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் பெரும்பாலும் தோலில் அழுத்தியிருக்கும். லென்ஸைச் சுற்றியும் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு) முகத்திலும் எழுத்து இருக்கும். ஜெய்ஸ் ஐகானின் ஐகோன்டா, நெட்டார், அக்ஃபாவின் ஐசோலெட், பில்லி, வாய்க்லாண்டர் பெஸ்ஸா, கோடக்கின் மடக்கு வகைகள், இங்கிலாந்தின் என்சைன் ஆகியவை இங்கே அதிகம் கண்ணில் படுகின்றன. லென்ஸில் டெஸ்ஸார் என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். 1902-இல் ஜெய்ஸ் கொண்டுவந்த, நாலு கண்ணாடி கொண்ட அமைப்பு அது. நோவார், அப்போடார் போன்ற மூன்று கண்ணாடி லென்ஸும் குறைந்ததில்லை. லென்ஸ் துளையை எஃப் 11-இல் வைத்தால் அருமையாக எழுதும்.

ஆனால் பெயரைவிட ரோல் அளவுதான் உங்கள் கேமராவின் தலையெழுத்து. 1901-இல் வந்த 120 ரோல் இன்றும் கடையில் கிடைக்கிறது. உங்களுடையது 120 என்றால் பாதி வேலை முடிந்தது. கோடக் கேமராக்களில் பல 620 கேட்கும். பிலிம் அதே அகலம்தான், ஸ்பூல் (பிலிம் சுற்றும் உருளை) மட்டும் மெல்லியது. 1912-இல் வெஸ்ட் பாக்கெட் கோடக்கோடு வந்த 127 எப்போதாவது கிடைக்கும், விலை அதிகம். 116, 616 என்றால் பிலிம் தயாரிப்பு 1984-இலேயே நின்றுவிட்டது. அவற்றில் 120 ரோலைச் சின்ன அடாப்டர் போட்டு ஓட்டுகிறார்கள். செய்யலாம், ஆனால் முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

பின்பக்கம் ஒரு சின்ன மூடியும் எழுதுகோல் மாதிரி ஒரு கம்பியும் இருந்தால் அது ஆட்டோகிராஃபிக் கோடக். படம் எடுத்ததும் நெகட்டிவ் ஓரத்தில் தேதி, பெயர் எழுதிக்கொள்ள 1914-இல் வந்த ஏற்பாடு. அதற்கென்று வந்த பிலிம் 1930-களோடு முடிந்துபோனது. இப்போதைய ரோல் போட்டால் அந்த மூடியை நிரந்தரமாக டேப் போட்டு அடைத்துவிடுங்கள்.

என்னுடையது 620. என்ன வழி?

120 ரோலை முழு இருட்டில், அல்லது கை நுழைத்து வேலை செய்கிற இருட்டுப் பையில், 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். முதலில் பாழாய்ப்போன ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் பழகுங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். பிலிமின் ஒரு முனை மட்டும் அதன் பின்னால் ஓடும் காகிதத்தில் ஒட்டியிருக்கும். திருப்பிச் சுற்றும்போது அந்த ஒட்டு இருக்கும் இடத்தில் பிலிம் உப்பும். டேப்பைத் தூக்கிச் சமன் செய்து மறுபடி ஒட்ட வேண்டும்.

இரண்டு 620 ஸ்பூல் கட்டாயம் தேவை. கேமராவுக்குள் கிடக்கும் காலி ஸ்பூலைக் குப்பை என்று போட்டுவிடாதீர்கள். கழுவக் கொடுக்கும்போது "ஸ்பூல் திருப்பி வேண்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பெல்லோஸ் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புப் பை) நன்றாகத்தான் தெரிகிறது. சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பெல்லோஸில்தான் ஊசித்துளை இருக்கும். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கேமராவை முழுக்க விரித்து, பின்கதவைத் திறந்து, சின்ன எல்இடி விளக்கு ஒன்றை உள்ளே விடுங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்துத் துணியால் சுற்றி அடைத்தாலும் சரி. இப்போது வெளியிலிருந்து எல்லாப் பக்கமும் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். துளைகள் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். பெரும்பாலும் மடிப்பு மூலைகளில், மூன்று மடிப்புகள் சேரும் முனையில் இருக்கும். நேரே பார்த்தால் தெரியாதது சாய்த்துப் பார்த்தால் தெரியும். பெல்லோஸை விரலால் லேசாக அசைத்தும் பாருங்கள். விரிந்து நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும் விரிசல் அசைத்தால் வாய் திறக்கும்.

1950-களின் அக்ஃபா ஐசோலெட்டில் இது பேர்போன குறை. அதில் பெல்லோஸ் முழுசாக இருந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அதே காலத்து ஜெய்ஸ் ஐகான் பெல்லோஸ் பெரும்பாலும் இன்னும் உறுதியாக நிற்கிறது.

துளை இருக்கிறது. ஷூ பாலிஷ் போடலாமா?

வேண்டாம். அது துளையை அடைக்காது, நம் ஊர் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவித் தோலை மென்மையாக்கும் யோசனையும் வேண்டாம். சிக்குப் பிடிக்கும், பூஞ்சைக்கும் தீனி.

நாலைந்து துளைதான் என்றால் துணிக்குப் போடும் கருப்பு அக்ரிலிக் வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து, பல்குத்தும் குச்சி முனையால் மூலையில் மட்டும் வையுங்கள். மெல்லிய பூச்சு, முழுக்கக் காயவிடல், மறுபடி ஒரு பூச்சு. விரித்தபடியே இரண்டு நாள் விட்டுவிட்டுத்தான் மடக்க வேண்டும். தடிப்பாகப் பூசினால் கேமரா மூடாது. அழுத்தி மூடினால் லென்ஸ் தாங்கும் கம்பிகள் வளையும், அது துளையைவிடப் பெரிய தொல்லை. மூலையெல்லாம் கந்தலாகிவிட்டது என்றால் புது பெல்லோஸ்தான் வழி. செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நுணுக்கமான கைவேலை தெரிந்த புத்தக பைண்டரிடம் மெல்லிய கருப்புத் துணியும் காகிதமும் கொடுத்துச் செய்துகொள்வதும் முடியும். பழைய பெல்லோஸை மாதிரிக்குக் கொடுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

பட்டன் அமுங்கவே மாட்டேன் என்கிறது. ஷட்டர் போய்விட்டதா?

பல நேரம் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே இடத்தில் இரண்டு படம் விழாமல் இருக்க, ரோலைச் சுற்றினால்தான் பட்டன் விடும்படி ஒரு பூட்டு பல கேமராக்களில் உண்டு. திருகைச் சுற்றிவிட்டு அமுக்கிப் பாருங்கள். அதோடு பெரும்பாலான ஷட்டர்களில் லென்ஸ் பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை இழுத்து முடுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் பட்டன் வேலை செய்யும். எளிய வாரியோ வகை ஷட்டருக்கு முடுக்கல் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. காம்பூர் ஷட்டரில் உச்ச வேகத்துக்குத் தனி ஸ்பிரிங் உண்டு. அந்த வேகத்தை முடுக்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், முடுக்கிய பிறகு திருகக் கூடாது. ப்ராண்டர் ஷட்டரில் எக்ஸ், எம், வி என்று மூன்று எழுத்து இருந்தால் வி என்பது தானாக எடுக்கும் டைமர். பழைய எண்ணெய் இறுகியிருப்பதால் ஷட்டர் அதில்தான் பாதியில் சிக்கிக்கொள்கிறது. எக்ஸில் விட்டுவிட்டு வி இருப்பதையே மறந்துவிடுங்கள்.

ஷட்டர் திறந்தால் மெதுவாக மூடுகிறது. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய்?

கூடவே கூடாது. இறுகிப்போன பழைய எண்ணெய்தான் நோயே. மேலும் எண்ணெய் விட்டால் அது தகடுகளுக்கு இடையே பரவி ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து லென்ஸுக்கும் போகும். துரு எடுக்கிற ஸ்பிரேயும் அப்படித்தான்.

முதலில் வெறுமனே ஒவ்வொரு வேகத்திலும் பல தடவை இயக்கிப் பாருங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதுவே போதும். விடவில்லை என்றால் சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்துத் தகடுகளில் தொட்டு, இயக்கி, உலர்ந்த குச்சியால் துடையுங்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஊற்றக் கூடாது. கரைந்த பிசுக்கு லென்ஸின் உள்முகத்தில் படியும். அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கு எரிகிற அறையில் வேண்டாம்.

வேகம் சரிதானா என்று பார்க்க, போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் ஷட்டரைப் பிடித்து எண்ணுங்கள். 1/25 வினாடி என்றால் பத்துப் படம் திறந்திருக்க வேண்டும். இருபது இருந்தால் உங்கள் 1/25 இப்போது 1/12. இதற்கு மேல் வேகத்தை இந்த முறையில் துல்லியமாக அளக்க முடியாது. கவலையில்லை. எல்லா வேகமும் ஒரே விகிதத்தில் மந்தமாக இருந்தால், அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கேமரா உறைக்குள் வைத்துக்கொண்டே படம் எடுக்கலாம்.

ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருக்கிறது.

அக்ஃபாவா? அதில் போட்ட பச்சைக் கிரீஸ் காலப்போக்கில் பிசினாகக் கெட்டியாகிவிடும். கொறடு போடாதீர்கள். இதில் ஒரு வஞ்சம் உண்டு. வலுவாகத் திருகினால் முன் கண்ணாடியும் நடுக் கண்ணாடியும் ஒட்டியபடி சேர்ந்தே சுழலும். வளையம் சுற்றுவதைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று நினைப்பீர்கள், படமெல்லாம் மங்கலாக வரும்.

முன் வளையத்தில் உள்ள மூன்று பொடி ஸ்க்ரூவைத் தளர்த்தும் முன், முடிவிலிக் குறி (∞, வெகு தூரம்) எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அமைப்பைக் கழற்றிய பிறகு முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, லைட்டர் திரவத்தைத் திருகுப் பள்ளத்தில் ஊறவிட்டு, மறுநாள் முயற்சி செய்யுங்கள். சில நாள் கூட ஆகலாம். பொறுமை இல்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

லென்ஸில் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது.

பூஞ்சை. தோல் உறைக்குள்ளேயே வைத்த கேமராவில் இது அதிகம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய அறைக்குள் வேறு கேட்கவே வேண்டாம்.

துடைக்கும் முன் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். நம் செம்மண் தூசியில் பொடிமணல் உண்டு. அதை வைத்துக்கொண்டு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முடியுங்கள். பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தால் தடம் போகாது. விட்டுவிடுங்கள். லேசான தடம் படத்தில் அநேகமாகத் தெரியாது. போருக்கு முந்திய லென்ஸில் லேசாக நீலம் ஓடியிருந்தால் அது அழுக்கில்லை, கண்ணாடி வயதாகும் விதம். அதைத் தேய்க்காதீர்கள்.

ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று ரோல் செலவழிக்காமல் பார்க்க முடியுமா?

முடியும், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பரை இறுக்கி ஒட்டுங்கள். ஷட்டரை டி-யில் (மறுபடி அமுக்கும்வரை திறந்தே இருக்கும்) திறந்து விடுங்கள். டி இல்லையென்றால் பி-யில் (அமுக்கிப் பிடிக்கும்வரை மட்டும் திறந்திருக்கும்) வைத்துப் பூட்டு உள்ள கேபிள் போடுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, முழுக்கத் திறந்துவிடுங்கள். ஃபோகஸ் முடிவிலியில். மொட்டை மாடியில் நின்று, தலைமேல் கருப்புத் துணி போர்த்தி, தூரத்துக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ காட்டுங்கள். குன்றக்குடி மலை தெரியும் இடமென்றால் இன்னும் நல்லது. காகிதத்தில் கோபுரம் தலைகீழாக விழும். நகை பார்க்கும் பூதக்கண்ணாடியால் கலசத்தைப் பாருங்கள். கலசம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. வளையத்தைக் கொஞ்சம் திருப்பியபிறகுதான் தெளிகிறது என்றால், பொடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, தெளிந்த இடத்தையே முடிவிலியாக வைத்து இறுக்குங்கள். பிறகு டேப்பால் பத்தடி அளந்து, வாசல் தூணில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, அதையும் சரிபாருங்கள்.

முதல் ரோலுக்கு என்ன பிலிம், என்ன அளவு வைப்பது?

ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு எண்) 100 அல்லது 125 கருப்பு வெள்ளை. நம் ஊர் வெயிலுக்கு 400 பிலிம் போட்டால் பழைய ஷட்டரின் வேகம் போதாது. 6×9 (செ.மீ.-இல் படத்தின் அளவு) கேமராவில் எட்டுப் படம், 6×6-இல் பன்னிரண்டு, 6×4.5-இல் பதினாறு வரும்.

வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16, 1/100. முகப்பு நிழலில் நிற்கிற ஆளுக்கு எஃப் 5.6, அதே வேகம். வளவுக்குள், அதாவது முற்றமுள்ள உள்கட்டுக்குள், வந்தால்தான் யோசிக்க வேண்டும். நடு முற்றத்தில் உச்சி வெயில் விழும், சுற்றுப் பத்தி (தாழ்வாரம்) இருட்டாக இருக்கும். கண் இரண்டையும் பார்த்துவிடும், பிலிமால் முடியாது. வெயில் முற்றத்தில் நேரே விழாத நேரத்தில், காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல், எடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் ஒளியைத் திருப்பி வீசும். ஆச்சியை அந்தச் சுவரை ஒட்டி உட்காரவைத்தால் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும். ஸ்டாண்டில் வைத்து எஃப் 8, 1/10 அளவில் தொடங்கலாம். போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணால் மதிப்பிட்டு ஏமாறுகிற இடம் பத்திதான்.

தூரத்தைக் கட்டாயம் அளந்து வையுங்கள். 105 மி.மீ. லென்ஸில் எட்டடியும் பத்தடியும் ஒன்றல்ல. குறியீடு அடியா மீட்டரா என்றும் பாருங்கள்.

ரோல் ஓட்டும்போது கவனிக்க வேண்டியது?

சிவப்பு ஜன்னல் பழைய பிலிமுக்காக வைத்தது. அந்தக் காலத்து பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. இன்றைய பிலிமுக்குத் தெரியும். எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் திறந்து, உடனே மூடுங்கள். மூடி இல்லாத கேமராவுக்குக் கருப்பு டேப் போதும்.

கேமராவைப் பொட்டென்று திறக்காதீர்கள். பெல்லோஸ் காற்றை இழுக்கும்போது பிலிமும் முன்னால் உப்பும், படத்தின் நடுப்பகுதி மங்கும். மெதுவாகத் திறந்து, திறந்த பிறகே அடுத்த எண்ணுக்குச் சுற்றுங்கள். சுற்றிவிட்டு மடக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம்.

இந்த வெக்கையில் வீட்டில் கழுவ முடியுமா?

முடியும். உதாரணமாக, டி-76 என்ற டெவலப்பரின் முழுக் கரைசலில் எச்பி5 பிளஸ் என்ற ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரி என்றால் ஐந்து நிமிடச் சொச்சம். அதற்குமேல் சூடானால் நேரம் மிகக் குறைந்து கழுவல் திட்டுத் திட்டாகும். சித்திரையில் குழாய்த் தண்ணீர் முப்பதைத் தாண்டிவிடும். ஆகவே முந்தின இரவே மண்பானையில் தண்ணீர் எடுத்து வைத்து, பெரிய பேசினில் ஐஸ் போட்டு, மருந்துக் குடுவைகளை அதில் நிறுத்துங்கள். டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எடுங்கள். போர்த் தண்ணீரின் உப்பு நெகட்டிவில் புள்ளி புள்ளியாகக் காயும்.

எல்லா நெகட்டிவிலும் ஒரே இடத்தில் வெளிச்சக் கறை இருந்தால் பெல்லோஸ் அல்லது பின்கதவு. ரோலின் ஓரத்தில் மட்டும் என்றால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் பிலிம் வாங்கி வருகிறார். விமான நிலைய ஸ்கேன்?

கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். புதுவகை சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் இருந்தால் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக வைத்திருந்தால் அதிகாரிகளுக்கும் எளிது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் கொடுத்தால் நல்ல விலை வருமா?

காரைக்குடியின் அந்தத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதால் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நெட்டார், ஐசோலெட் போன்றவை ஏராளமாகச் செய்து விற்றவை, பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். தூரமானி இணைந்த சூப்பர் ஐகோன்டா, பெஸ்ஸா 2 போன்றவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு. விற்பதோ வைப்பதோ, பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். எண்களில் நிரப்பிய வண்ணம் போய்விடும். என்னைக் கேட்டால், விற்கும் முன் ஒரு ரோலாவது பங்காளிகள் எல்லோரையும் முகப்பில் நிறுத்தி எடுத்து, பிரிண்ட் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். கேமரா யார் பங்குக்குப் போனாலும் படம் எல்லோரிடமும் இருக்கும்.

இனி எப்படிப் பாதுகாப்பது?

தோல் உறையைத் தனியாக வையுங்கள். கேமராவைக் காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. ஷட்டரை முடுக்கிய நிலையில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து, விரித்து, எல்லா வேகத்திலும் நாலு தடவை இயக்கிவிட்டு மடக்குங்கள்.